கொட்டை எழுத்து

பினாங்கு என்ற ஊர்ப்பெயரே பாக்குதான். மலாயில் 'பினாங்' என்றால் பாக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஆச்சேயின் பாக்கு இந்தத் துறைமுகம் வழியாகச் சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறியது. சீவாத முழுப்பாக்கு, தமிழில் கொட்டைப்பாக்கு. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவருக்கு அதன் விலையைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்; எழுத்துக்கு அடைமொழியான கொட்டையும் இதுவேதான்.

புளியங்கொட்டை, பலாக்கொட்டை, பருத்திக்கொட்டை என எதை எடுத்தாலும் உருட்சியும் திரட்சியும் சேர்ந்தே வரும். கொட்டை எழுத்து என்றால் வெறும் பெரிய எழுத்து அல்ல, கொழுத்த எழுத்து. "கொட்டை எழுத்துல ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா?" என்று வசவாகவும் வரும்.

ஓலைக்கு இது தெரியாது. எழுத்தாணிக் கீறல் எங்கும் ஒரே தடிமன். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபோதும் படிக்கத்தான் எழுத்து, கூவி அழைக்க அல்ல. கூவும் எழுத்தை விளம்பரம் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ராபர்ட் தோர்ன் போன்றோர் அடித்தண்டைக் கொழுக்க வைத்து, முனைக்கோடுகளை மயிரிழையாக விட்டு எழுத்து வார்த்தார்கள். பினாங்கின் முதல் செய்தித்தாள் 1806இல் வந்ததும் அந்தக் காலத்தில்தான். தமிழ் இதழுக்கு 1883 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: குலாம் காதிறு நாவலரின் 'வித்தியா விசாரிணி'.

லத்தீன் எழுத்துக் கொழுத்தால் அழகு. தமிழ் எழுத்துக் கொழுத்தால் ஆபத்து. 'ண'வைப் பாருங்கள். அடுத்தடுத்த சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளைதான் அதை 'ன'விலிருந்து பிரிக்கிறது. கோடு தடிக்கத் தடிக்க அந்த வெள்ளை அடைபடும். மை கொஞ்சம் கூடினால் இரண்டும் ஒன்றுதான். 1978இல் தமிழ்நாட்டு அரசு கைவிட்ட, யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய 'லை', 'ணை' இன்னும் மோசம். வளைத்த துதிக்கைக்கும் இடம் வேண்டுமே! ஆனால் பழைய தலைப்புகளின் குறும்பெல்லாம் அந்தத் துதிக்கையில்தான் இருந்தது என்பேன்.

கொட்டை என்ற சொல்லுக்கு அச்சு அசலாகப் பொருந்துவது ஓர் அமெரிக்க எழுத்து: சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922இல் வெளியான கூப்பர் பிளாக். முனைக்கோடு உண்டு, ஆனால் கூர்மை எங்கும் இல்லை. எல்லாம் மழுங்கி உப்பியிருக்கும். 1966இல் பீச் பாய்ஸ் இசைத்தட்டு உறையிலும், பிறகு டி-சட்டைகளிலும், ஈசிஜெட் விமானங்களிலும் அதுவே.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் இன்று கணினியே பலகை எழுதுகிறது. அங்கே 'தடித்த' என்ற பொத்தான் செய்யும் கொடுமை தனி. எழுத்துருவில் உண்மையான தடித்த வடிவம் இல்லையென்றால், இருக்கும் கோட்டையே இழுத்துப் பூசிவிடும்; 'ண' மூச்சுத் திணறும். மும்பையின் ஏக் டைப் குழு செய்த 'பாலூ தம்பி' எழுத்துரு அப்படியல்ல: சுழிக்குள் வெள்ளையை விட்டுவைத்தே கோட்டை உப்ப வைத்திருக்கிறார்கள். முனைக்கோடு கிடையாது, ஆனாலும் கொட்டை எழுத்துதான். அதே குடும்பத்தின் மலையாள எழுத்துக்குப் பெயர் 'சேட்டன்'.