எண்பது ஊர்கள் கூடிப் பார்த்த பெட்டி



மேல்சித்தாமூரிலும் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் பெரியவர்களிடம் 1960-களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வானொலியைப் பற்றிச் சொல்வார்கள். தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. சென்னைக்கே தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. 1960-கள் முழுவதும் இந்தியாவில் தொலைக்காட்சி நிலையம் இருந்த ஒரே நகரம் டெல்லி.

அங்கே 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை முறையில் ஒளிபரப்பு தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே நிகழ்ச்சிகள். 1961-இல் பள்ளிப் பாடங்கள் சேர்ந்தன. 1965 ஆகஸ்ட் 15 முதல் அன்றாடம் ஒளிபரப்பானது.

1967-இல் ஒரு நாளை நினைத்துப் பார்ப்போம். பகலில் மாணவர்களுக்கு இயற்பியல், வேதியியல், ஆங்கிலப் பாடங்கள். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளும் சோதனைகளைக் கண்ணால் கண்டார்கள். மாலையில் செய்தி, இசை, நாடகம். வாரத்தில் இரு நாள் இருபது நிமிடம் உழவர்களுக்கு. அந்த ஆண்டு ஜனவரி 26 அன்று தொடங்கிய அந்த நிகழ்ச்சியின் பெயர் 'கிரிஷி தர்ஷன்'. விஞ்ஞானி விக்ரம் சாராபாய் அதற்குப் பின்னால் நின்றார்.

டெல்லியைச் சுற்றி 80 கிராமங்களில் பொதுவான பெட்டிகள் வைக்கப்பட்டன. ஊருக்கே ஒரு பெட்டி. நிலம் உள்ளவரும் கூலிக்குப் போகிறவரும் ஒரே திரையைத்தான் பார்க்க வேண்டும். புது விதை, உரம், பூச்சி மருந்து பற்றிச் சொல்லி முடித்ததும் பெட்டி மௌனமாகிவிடும். பிறகு ஊரார் பேசுவார்கள். 'இது நம் மண்ணுக்கு ஒத்து வருமா?' இந்தக் கேள்விக்குப் பெட்டியிடம் பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம்தான் இருந்தது.

அன்பர்களே, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தேர்ந்துகொள்ளும் கடமை பார்க்கிறவருக்கும் உண்டு என்று அது கற்பித்தது. ஒரே அலைவரிசை இருந்த நாளில் அந்தக் கடமை எளிது. இன்றோ அதைச் சுமப்பது கடினம்.

இன்று நம் வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு கைப்பேசிகள். அப்பா ஒரு மூலையில், பிள்ளை ஒரு மூலையில். நாம் பார்ப்பது முன்னைவிட ஆயிரம் மடங்கு. பார்த்ததைப் பற்றி வீட்டில் பேசுவது எவ்வளவு? பிள்ளை எதைக் கண்டு சிரித்தது, எதைக் கண்டு பயந்தது என்று நமக்குத் தெரியுமா?

எம்மாவு வழியில் நடந்த சீடர் இருவரை நினையுங்கள். எருசலேமில் கண்டதையும் கேட்டதையும் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே போனார்கள். அந்தப் பேச்சின் நடுவில்தான் ஆண்டவர் வந்து சேர்ந்தார்.

இந்த வாரம் ஒரே ஒரு மாலை, வீட்டார் எல்லாரும் ஒரு நிகழ்ச்சியைச் சேர்ந்து பாருங்கள். முடிந்ததும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசுங்கள். முதலில் பிள்ளையைப் பேச விடுங்கள். எம்மாவு வழியில் வந்தவர் உங்கள் வீட்டுத் திண்ணைக்கும் வருவார்.