பட்டியலில் ஏறிய பெயர்கள்

இலங்கைத் தமிழர் கொல்லப்பட்டதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'இரண்டாயிரம் ஆண்டுப் பகை' என்றொரு விளக்கம் வந்து நிற்கும். சிங்கள அரசன் துட்டகைமுனு தமிழ் அரசன் எல்லாளனை வென்றதில் தொடங்கியது 2009இல் முள்ளிவாய்க்காலில் முடிந்தது என்பார்கள். மாமல்லபுரக் கடற்கரையின் வரலாறு தெரிந்தவர்களால் இதை ஏற்க முடியாது. 7ஆம் நூற்றாண்டில் அரசுரிமை இழந்த சிங்கள இளவரசன் மானவர்மன் அடைக்கலம் புகுந்தது பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனிடம். பல்லவர் படையோடு நின்று சாளுக்கியரை எதிர்த்துப் போரிட்டான். நரசிம்மவர்மன் அவனுக்குக் கப்பற்படை கொடுத்தான். முதல் முயற்சி பலிக்கவில்லை, இரண்டாம் முறை அநுராதபுரத்து அரியணை கிடைத்தது. படை கிளம்பிய துறை மாமல்லபுரம் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். இதை விரிவாகச் சொல்வது தமிழ் நூல் அல்ல. பௌத்த பிக்குகள் பாலியில் எழுதிய சூளவம்சம். அதற்கு முந்தைய மகாவம்சமும் எல்லாளனை நீதி தவறாதவன் என்று புகழ்கிறது. தான் வென்ற அந்த அரசனுக்குத் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பி மரியாதை செய்ததாகவும் சொல்கிறது. சோழர் படை அநுராதபுரத்தைச் சூறையாடவில்லையா என்று கேட்கலாம். சூறையாடியது உண்மை. அதே சோழர் சாளுக்கிய நாட்டையும் விட்டுவைக்கவில்லை. அவையெல்லாம் நாடு பிடிக்கும் போர்கள். ஓர் இனத்தையே இல்லாமல் செய்யும் எண்ணம் அவற்றில் இல்லை.

அந்த எண்ணத்துக்கு வழி திறந்தது நவீன அரசின் காகிதம். 1833இல் ஆங்கிலேயர் சட்டசபையில் சிங்களவருக்கு ஓர் இடம், தமிழருக்கு ஓர் இடம் என்று பிரித்தார்கள். இனம் அரசியலின் அலகானது. சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. ஒரு துளி இரத்தம் சிந்தாமல் ஒரு மக்கள்கூட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட முடியும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பிறகு வந்த 1956 தனிச் சிங்களச் சட்டம், 1958 கலவரம், தமிழ் மாணவருக்குப் பல்கலைக்கழக இடங்களைக் குறைத்த 1970களின் தரப்படுத்தல், 1981 யாழ் நூலக எரிப்பு எல்லாம் அந்தத் துணிச்சலின் தொடர்ச்சிதான்.

1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கும்பல்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழருடையது என்று பெயர் பார்த்து வந்தார்கள். தமிழர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் சிங்களவர் என்றால் வீட்டுக்குத் தீ வைக்கவில்லை. சாமான்களை மட்டும் தெருவுக்கு இழுத்துப்போட்டு எரித்தார்கள். கண்மூடித்தனமான வெறி இப்படி வீட்டுக்கு வீடு கணக்குப் பார்க்காது. அதே வாரம், ஜூலை 25, 27 ஆகிய நாட்களில், வெலிக்கடைச் சிறையில் அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ருவாண்டாவிலும் இதுவே நடந்தது. 1930களில் பெல்ஜியர் கொடுத்த அடையாள அட்டையில் ஹூட்டு, டுட்சி என்று எழுதியிருந்தது. 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் மாண்டார்கள்.

விடுதலைப் புலிகள் மட்டும் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 70,000 முஸ்லிம்களைத் துரத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். அதே ஆண்டு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். ஆயுதமும் அதிகாரமும் கைக்கு வந்தவர் இனம் பார்த்து மனிதரைப் பிரிக்கத் தொடங்கினால், அவர் பேசும் மொழி எதுவானாலும் விளைவு ஒன்றுதான். இதை ஒப்புக்கொள்வதால் 2009 இறுதிப் போரின் கணக்கு குறைந்துவிடாது. வன்னியில் சிக்கியிருந்தவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம். அரசு அந்த எண்ணிக்கையை வேண்டுமென்றே குறைத்துச் சொன்னது, அதற்கேற்பவே உணவும் மருந்தும் குறைந்தன என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. இனப்படுகொலை என்று எந்தச் சர்வதேச நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லையே என்பவர்கள் உண்டு. உண்மைதான், எந்தச் சர்வதேச நீதிமன்றமும் அதை இன்னும் விசாரிக்கவும் இல்லை. 1948 ஐ.நா. உடன்படிக்கை கொலையை மட்டும் குறிப்பிடவில்லை. ஓர் இனம் அழியும்படியான வாழ்நிலையைத் திட்டமிட்டு அதன்மேல் சுமத்துவதையும் சேர்த்தே சொல்கிறது. உயிரோடு இருப்பவர்களைக் கணக்கில் குறைத்துக் காட்டிப் பட்டினி போடுவதை வேறு எதில் சேர்ப்பது?

மானவர்மனுக்கு அடைக்கலம் கொடுத்த இதே தொண்டை மண்டலத்தில்தான் செங்கல்பட்டு சிறப்பு முகாம் இருந்தது. சந்தேகத்துக்கு உள்ளான ஈழத் தமிழர்களை 1946 அயல்நாட்டவர் சட்டத்தின்கீழ் அங்கே அடைத்தார்கள். ஜாமீன் கிடைத்து வெளியே வந்தவர்கள்கூட முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெயரில்தான் முகாம், நடந்தது சிறைவாசம். விடுதலை கேட்டு எத்தனையோ உண்ணாவிரதங்கள் நடந்தன. இலங்கை அகதிகள் வாழும் சாதாரண முகாம்களின் பெயரை 2021இல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்லது, ஆனால் போதாது. அந்த முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். பாட்டனை 1948இல் இலங்கை நீக்கியது. பேரன் 1983க்குப் பின் கடல் கடந்து வந்தான். 2019இன் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்றைக்கும் இந்தியக் குடியுரிமை இல்லை. அவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும்படி தமிழ்நாடு டெல்லியிடம் விடாமல் கேட்க வேண்டும்.