ஒரே நாள் வீக் ஆஃப்... ஓசூர், கிருஷ்ணகிரியில் ஜோடியாக எங்கே போகலாம்? முழு விவரம்

ஒருவருக்கு காலை ஷிப்ட், இன்னொருவருக்கு நைட் ஷிப்ட். இவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அவர் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வீட்டுக்கு வருகிறார். "சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு" என்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடுகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் பல தம்பதிகளின் நிலை இதுதான். ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகும் காதலர்களுக்கோ இரவு கேட் மூடும் நேரமும் ஒரு கவலை.

இங்கே கடல் இல்லை, பீச் இல்லை. ஆனால் மலை, அணை, கோட்டை, ஏரி எல்லாம் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன. குறைவாக இருப்பது நேரம் மட்டும்தான். அதனால் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்தே இடத்தைத் தேர்வு செய்யலாம்.

இரண்டு மணி நேரம் மட்டும் இருந்தால்...

ஓசூர் நகருக்குள்ளேயே இருக்கும் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் நல்ல தேர்வு. மேலே வரை வண்டியிலும் போகலாம், படி ஏறியும் போகலாம். மாலையில் போனால் வெயில் இறங்கி, ஊர் முழுக்க ஒவ்வொன்றாக விளக்கு எரிவதை மேலிருந்து பார்க்கலாம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் மார்கழி, தை மாதங்களில் குளிர் நன்றாகவே தெரியும். ஸ்வெட்டர் அவசியம். பங்குனி தேர்த் திருவிழா நாட்களில் கூட்டம் அதிகம் என்பதால், தனியாகப் பேச நினைப்பவர்கள் வேறு நாளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அரை நாள் கிடைத்தால்...

கே.ஆர்.பி. அணை: கிருஷ்ணகிரியில் இருந்து தருமபுரி செல்லும் வழியில், தென்பெண்ணை ஆற்றின் மேல் இருக்கிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1950-களில் கட்டப்பட்டது. பூங்காவில் நிழலுக்குக் குறைவில்லை. வெளியே சுடச்சுட மீன் வறுவல் கிடைக்கும். போகும் வழியில் அவதானப்பட்டி ஏரியில் படகு சவாரியும் செய்யலாம்.

ராயக்கோட்டை மலைக்கோட்டை: ஓசூரில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர். திப்பு சுல்தானிடம் இருந்து 1791-ல் ஆங்கிலேயர்கள் கைப்பற்றிய கோட்டை இது. இப்போது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏறுவதற்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். காலையிலேயே ஏறத் தொடங்கி, வெயில் ஏறும் முன் இறங்கிவிட வேண்டும். மேலே கடை கிடையாது. தண்ணீர் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

தளி: ஓசூரில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர். குளிர்ந்த காலநிலை, பசுமை காரணமாக 'லிட்டில் இங்கிலாந்து' என்று பெயர் வாங்கிய ஊர். பெரிய சுற்றுலா வசதி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பைக்கில் மெதுவாகப் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பும் அந்தப் பயணம்தான் இங்கே விசேஷம்.

கெலவரப்பள்ளி அணை: ஓசூருக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் பெங்களூரு பகுதியின் கழிவுநீர் கலந்து வருவதால், தண்ணீர் திறக்கும்போது வெள்ளை நுரை மலைபோல் குவிவது உண்டு. படத்தில் மேகம் மாதிரி அழகாகத் தெரியும். அது ரசாயன நுரை. அதில் இறங்கி செல்ஃபி எடுக்கவே கூடாது.

முழு நாள் கிடைத்தால்...

ஒகேனக்கல் போகலாம். ஓசூரில் இருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒரு பாதை உண்டு. தருமபுரி, பென்னாகரம் வழியாக இன்னொரு பாதை. முதல் பாதை காட்டுக்குள் போகிறது. பாறைகளுக்கு நடுவே பரிசலில் போவதும், கரையில் மீன் குழம்புச் சாப்பாடும் மறக்க முடியாதவை. காவிரியில் நீர்வரத்து அதிகரித்தால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். கிளம்பும் முன் அன்றைய செய்தியைப் பார்த்துவிட வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பரிசலில் ஏறக் கூடாது.

யானை வரும் நேரம் எது?

பன்னேர்கட்டா காட்டில் இருந்து ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் வாக்கில் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இந்தப் பக்கம் வருகின்றன. ராகி அறுவடைக் காலம் என்பதுதான் காரணம். ஓசூர் - ராயக்கோட்டை சாலையில் இருக்கும் சானமாவு காடு அவை தங்கும் முக்கியமான இடம். ஆகவே அந்த மாதங்களில் தளி, ராயக்கோட்டை, அஞ்செட்டி சாலைகளில் விடியும் முன்பும், இருட்டிய பிறகும் பைக்கில் போகக் கூடாது. காட்டுக்குள் வண்டியை நிறுத்தி உட்கார்ந்து பேசுவது எந்த நேரத்திலும் ஆபத்துதான்.

ரோஜா எங்கே வாங்கலாம்?

காதலர் தினத்துக்கு வெளிநாடுகளுக்குப் பறக்கும் ரோஜாக்களில் கணிசமானவை ஓசூர் மண்ணில் வளர்ந்தவை. பாகலூர், பேரிகை, அமுதகொண்டப்பள்ளி பகுதிகளில் பசுமைக்குடில்களுக்குள் இவை வளர்கின்றன. சிவப்பு 'தாஜ்மஹால்' ரகத்துக்குத்தான் மவுசு அதிகம். 20 பூக்கள் சேர்ந்தது ஒரு கட்டு. பிப்ரவரி முதல் வாரத்திலேயே விலை ஏறத் தொடங்கிவிடும். பிறந்தநாள், திருமண நாள் என்று மற்ற மாதங்களில் வாங்கினால், ஓசூர் பூ மார்க்கெட்டில் ஒரு கட்டே கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும். முழுதாக மலராத மொட்டாகப் பார்த்து வாங்கி, காம்பைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் வைத்தால் பல நாள் வாடாது.

யாராவது தடுத்தால்... சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பகுதி காதலர்களுக்கு இடத்தைவிடப் பெரிய கவலை, 'தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?' என்பதுதான். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஓசூர் அருகே, சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட இளம் தம்பதி 2018 நவம்பரில் கொல்லப்பட்டு காவிரியில் வீசப்பட்டனர். அதே ஆண்டு மார்ச் மாதம்தான், வயது வந்த இருவரின் திருமணத்தில் தலையிட ஊர்க் கூட்டத்துக்கோ வேறு யாருக்குமோ உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிகளுக்கு உதவ மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

* 18 வயது நிரம்பிய இருவர் பூங்காவில் சேர்ந்து உட்காருவதோ, கைகோத்து நடப்பதோ குற்றம் அல்ல. பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவு தரும் ஆபாசச் செயலுக்கு மட்டுமே பாரதிய நியாய சன்ஹிதா 296-வது பிரிவு பொருந்தும்.

* திருமணமாகாத இருவர் ஹோட்டலில் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-ல் கோவை விடுதி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் இருவரின் அடையாள அட்டையும் கட்டாயம். சில விடுதிகள் அறை தர மறுக்கலாம் என்பதால் முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

* யாராவது வழிமறித்துப் பணம் கேட்டாலோ, வீடியோ எடுத்து மிரட்டினாலோ பணம் கொடுக்க வேண்டாம். 112-க்கு அழைக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181.

இந்தப் பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. பலருக்கு வீக் ஆஃப் ஞாயிற்றுக்கிழமையில் வருவதில்லை. செவ்வாயோ புதனோ லீவு கிடைத்தால், ஞாயிறன்று பெங்களூரு கார்கள் நிறைந்திருக்கும் அதே கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் நிம்மதியாக உட்கார்ந்து பேசலாம். அதற்கு, இருவரும் ஒரே நாளில் வீக் ஆஃப் கேட்டு வாங்கினால் போதும். ஷிப்ட் அட்டவணை போடும் முன்பே சூப்பர்வைசரிடம் சொல்லிவைப்பதுதான் முதல் வேலை.