தாழ்வாகப் பறக்கும் ஹெலிகாப்டர்.. நிலத்தை எடுக்கப் போறாங்களா? சர்வேயில் உண்மையில் நடப்பது என்ன?

தோட்டத்துக்கு மேலே, தென்னை மரத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில் ஒரு ஹெலிகாப்டர். அதன் கீழே கயிற்றில் பெரிய வளையம் தொங்குகிறது. போன ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் பக்கத்துக் காட்டுக்கு மேல் திரும்பி வருகிறது. இதைப் பார்த்ததும் கிராமத்தில் எழும் முதல் கேள்வி: "நம்ம நிலத்தை எடுக்கப் போறாங்களா?"

தருமபுரி மாவட்டத்தில் இந்தப் பயம் காரணமில்லாமல் வருவதல்ல. ஓசூரில் இருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 844, சேலம் சாலையில் வந்து சேருவது அதியமான்கோட்டையில்தான். 2018-ல் சேலம் - சென்னை எட்டு வழிச்சாலைக்கு அளவுக் கல் நட்டபோது இந்த மாவட்ட விவசாயிகளும் போராடினார்கள். 'அளக்க வந்தால் அடுத்து எடுப்பாங்க' என்ற எண்ணம் அப்போதே பதிந்துவிட்டது. ஆனால் ஹெலிகாப்டர் சர்வே எல்லாமே நிலம் எடுப்பதற்காக நடப்பதில்லை.

ஹெலிகாப்டர் எதைத் தேடுகிறது?

அதில் என்ன கருவி இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

* தொங்கும் பெரிய வளையம்: இது மின்காந்த ஆய்வு. வளையத்தில் மின்சாரத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்துவார்கள். அப்போது நிலத்துக்குள் உண்டாகும் மெல்லிய மின்னோட்டத்தைக் கருவி பதிவு செய்யும். ஈரமான அடுக்கு, களிமண், உப்புநீர் ஆகியவை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். கெட்டிப்பாறை கடத்தாது. இந்த வித்தியாசத்தை வைத்துச் சில நூறு மீட்டர் ஆழம் வரை நிலத்தடி அமைப்பைக் கணிக்கலாம்.
* காந்தமானி: பாறைகளின் காந்தத் தன்மையை அளக்கும். தாதுக்கள், பாறைப் பிளவுகள் பற்றிய தடயம் கிடைக்கும்.
* காமா கதிர் கருவி: மேல்மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே இருக்கும் பொட்டாசியம், யுரேனியம், தோரியத்தின் அளவைக் காட்டும்.
* லைடார்: லேசர் ஒளியால் தரையின் மேடு பள்ளத்தை அளக்கும். ரயில் பாதை, சாலைத் திட்டங்களுக்குப் பயன்படுவது இதுதான். டெல்லி - வாராணசி அதிவேக ரயில் திட்டத்துக்கு 2021 ஜனவரியில் ஹெலிகாப்டர் மூலம் லைடார் சர்வே தொடங்கியது.

இவை தவிர, உயர் அழுத்த மின்பாதைகளைக் கண்காணிக்க பவர்கிரிட் நிறுவனமும் ஹெலிகாப்டரைப் பயன்படுத்துகிறது. மின்கம்பி போகும் வழியிலேயே பறந்தால் அது இந்த வேலையாக இருக்கலாம்.

ஏன் இவ்வளவு தாழ்வாக? ஏன் திரும்பத் திரும்ப?

நிலத்தில் இருந்து வரும் சிக்னல் ரொம்ப பலவீனமானது. உயரம் கூடக் கூட அது குறைந்துகொண்டே போகும். அதனால்தான் மின்காந்த வளையத்தைத் தரையில் இருந்து 30 - 40 மீட்டர் உயரத்திலேயே வைத்துப் பறக்கப் பார்ப்பார்கள். ஏர் உழுவது போல, இணையான கோடுகளில் வரிசையாகப் போய் வருவார்கள். ஒரே ஹெலிகாப்டர் நாலைந்து முறை கண்ணில் படுவது இதனால்தான். உங்கள் நிலத்தை மட்டும் குறி வைத்து வருகிறது என்று அர்த்தமல்ல.

தமிழ்நாட்டில் இதற்கு முன் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, அதுவும் தண்ணீருக்காக. மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்காக, ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் 2013-14 காலகட்டத்தில் நாட்டின் 6 இடங்களில் இந்த ஆய்வைச் செய்தது. டென்மார்க் தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டது. அந்த 6 இடங்களில் ஒன்று கடலூர் மாவட்டத்தின் கீழ் வெள்ளாறு பகுதி. இன்னொன்று கர்நாடகாவின் தும்கூரு. தருமபுரியைப் போலவே கெட்டிப்பாறை நிலம்.

அடுத்து 2021 அக்டோபரில், ராஜஸ்தான், குஜராத், ஹரியானா, பஞ்சாப் மாநிலங்களின் வறண்ட பகுதிகளுக்கு இதே முறையில் பெரிய அளவிலான நிலத்தடி நீர் ஆய்வு ஜோத்பூரில் தொடங்கப்பட்டது.

தருமபுரிக்கு இதனால் என்ன?

இங்கே தண்ணீர் பாறைப் பிளவுகளில்தான் இருக்கும். ஒரு போர்வெல்லில் தண்ணீர் பீறிடும். பக்கத்திலேயே போட்டது புகைந்துவிடும். கிடைக்கிற தண்ணீரிலும் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பிளவு எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால், விவசாயி கடன் வாங்கிப் போடும் போர்வெல்லுக்கு அது பெரிய உதவி.

இன்னொரு பக்கமும் உண்டு. அரூர் - ஊத்தங்கரை பகுதியில் மாலிப்டினம் தாது இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஏற்கெனவே பதிவு செய்துள்ளது. கனிமம் தேடும் சர்வே என்றால், அதன் முடிவு பின்னாளில் சுரங்க ஏலம் வரை போகலாம்.

உடம்புக்கு ஆபத்தா?

காந்தமானியும் காமா கருவியும் எதையும் வெளியிடுவதில்லை. வருவதைப் பதிவு செய்வதோடு சரி. சத்தத்தில் மாடு, ஆடு, கோழி மிரளலாம். எனவே கால்நடைகளைக் கட்டி வைப்பது நல்லது. தொங்கும் கருவிக்குக் கீழே நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம்.

சர்வே நடந்தால் நிலம் போய்விடுமா?

வானத்தில் இருந்து அளந்ததாலேயே யாருடைய பட்டாவும் மாறாது. நிலம் எடுக்க வேண்டுமென்றால் தனியாக அறிவிக்கை வர வேண்டும்.

* தேசிய நெடுஞ்சாலை என்றால், 1956-ம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ பிரிவில் அரசிதழ் அறிவிக்கை வரும். 21 நாளுக்குள் ஆட்சேபம் தரலாம்.
* 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படி என்றால், முதற்கட்ட அறிவிக்கை வந்த 60 நாளுக்குள் ஆட்சேபம் தரலாம்.

கனிமத்தில் கவனம் இன்னும் தேவை. மதுரை அரிட்டாபட்டி பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்து, 2024 நவம்பரில் அறிவிப்பு வெளியான பிறகே போராட்டம் வெடித்தது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அதாவது, ஹெலிகாப்டரைப் பார்த்துப் பதறுவதைவிட, அதற்குப் பிறகு வரும் காகிதங்களைக் கவனிப்பதுதான் முக்கியம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. தேதி, நேரம், கீழே என்ன தொங்கியது என்பதைக் குறித்து வையுங்கள். முடிந்தால் போட்டோ எடுங்கள். இந்தியாவில் பதிவான ஹெலிகாப்டரின் எண் 'விடி' என்ற எழுத்துகளில் தொடங்கும்.
2. விஏஓ, தாசில்தார் அல்லது கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள்: சர்வே செய்வது யார், எதற்காக?
3. பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.
4. கிராம சபைக் கூட்டத்தில் இதே கேள்வியை எழுப்பிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.
5. 'நிலம் போகப் போகுது, இப்பவே வித்துடுங்க' என்று யாராவது அவசரப்படுத்தினால், அறிவிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.