இளைப்பாறியவரும் ஊரும்

இளைப்பாறிய தலைமையாசிரியர், இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர் என்று மரண அறிவித்தல்களிலும் கலியாண அழைப்பிதழ்களிலும் அச்சிடுவது எம்மவர் வழக்கம். அச்சொல்லைச் சற்று உற்று நோக்குதல் தகும். வயலில் நிற்பவனுக்கும் கரைவலை இழுப்பவனுக்கும் இளைப்பாறுதல் என்பது மரநிழலில் கழியும் அரைமணி நேரம். உத்தியோகத்தனுக்கோ அது பதினைந்து, இருபது ஆண்டுகள் நீளும் ஒரு வாழ்க்கைப் பருவம். மாதந் தவறாது வரும் பணம் அப்பருவத்தைத் தாங்கி நிற்கிறது. அந்த ஆண்டுகளை ஊர்ப் பொதுப்பணியிற் செலவிட்டோர் பலர். ஊர் வரலாறு எழுதப் புகுவோர் அவர்களின் பெயர்களை வரிசையிட்டு வாழ்த்துவதோடு நின்றுவிடுகின்றனர். அவர்களுக்கு அந்த ஓய்வு எங்கிருந்து கிடைத்தது, அவர்கள் தொண்டு செய்த 'ஊர்' என்பதற்குள் யார் யார் அடங்கினர் என்னும் வினாக்களை எவரும் எழுப்புவதில்லை. யாழ்ப்பாணத்து மலாயாப் பென்சனியரின் கதையை இவ்விரு வினாக்களோடும் படித்துப் பார்க்கலாம்.

கதை தைப்பிங்கில் தொடங்குகிறது. 1885 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதலாவது இருப்புப் பாதை திறக்கப்பட்டது. எட்டு மைல் நீளமான அப்பாதையை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பயனியர் படையினர். பாதை நீள நீள, நில அளவையாளர், எழுதுவினைஞர், தந்தியாளர், நிலைய அதிபர் எனப் பலர் வேண்டப்பட்டனர். இலங்கைப் பொதுவேலைத் திணைக்களத்திலிருந்து மலாயா சென்று, பின்னர் அங்குப் புகையிரதப் பகுதிக்குத் தலைவரான ஸ்பூனர் போன்ற ஆங்கில அதிகாரிகள், தாம் முன்பே அறிந்திருந்த யாழ்ப்பாணத்து இளைஞரை விரும்பி அழைத்தனர். அழைப்பை ஏற்க ஆள் இருந்தது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கிய அமெரிக்க மிசனும், அதன்பின் எழுந்த மிசன் பள்ளிகளும் சைவப் பள்ளிகளும் ஆங்கிலம் படித்தோரை ஆண்டுதோறும் உருவாக்கின. படித்த படிப்புக்கேற்ற தொழில் செம்மண் தோட்டத்திலும் பனங்காணியிலும் இல்லை. கப்பலேறிச் சென்றோர் அனுப்பிய பணத்தில் நடந்த குடாநாட்டு வாழ்வை 'மணியோடர் பொருளாதாரம்' என்று பிற்காலத்தார் அழைத்தனர். முப்பது ஆண்டு உழைத்து, ஐம்பத்தைந்து வயதளவில் அவர்கள் மீண்டனர். மணியோடர் நின்றது, பென்சன் வரத் தொடங்கியது.

அப்பணத்தின் ஊற்று எது? மலாய் அரசுகளின் தொடக்ககால வருவாயிற் பெரும்பகுதி வெள்ளீய ஏற்றுமதித் தீர்வையால் வந்தது. அந்த ஈயத்தைத் தோண்டியவன் சீனக் கூலி. சிங்கப்பூரும் பினாங்கும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறக்குறையப் பாதி அபினியாற் கிடைத்த காலமும் உண்டு. அதைப் புகைத்து அழிந்தவனும் பெரும்பாலும் அதே சீனக் கூலிதான். இரப்பர்த் தோட்டத்திற் பால் வெட்டியவன் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளி. இவர்கள் எவருக்கும் பென்சன் இல்லை. இவர்களுக்கும் ஆங்கிலேய மேலதிகாரிக்கும் நடுவே, பேரேட்டுடன் நின்ற அரசாங்க எழுதுவினைஞருக்கு அது இருந்தது. இதைக் கூறுவது அம்மனிதரை இழித்துரைப்பதற்கன்று. அவரும் மனைவி மக்களைப் பிரிந்து, மலேரியாவுக்கு அஞ்சி, எவ்வளவு திறமை இருப்பினும் ஒரு படிக்கு மேல் ஏறமுடியாத உத்தியோகத்தில் இளமையைக் கரைத்தவர். ஆயினும் ஊரிலே அவர் வழங்கிய ஒவ்வொரு நன்கொடை ரூபாவிலும் ஊர் அறியாத கைகள் பலவற்றின் உழைப்புக் கலந்திருந்தது என்பதை வரலாறு மறத்தலாகாது.

அவர் கொண்டுவந்தவற்றுட் பணத்தைக் காட்டிலும் பெறுமதி வாய்ந்தது வேறொன்று. கூட்டத்துக்கு அறிவித்தல் எழுதவும், சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசித்து உறுதிப்படுத்தவும், வரவையும் செலவையும் சதக்கணக்கிற் சரிபார்க்கவும், கச்சேரிக்கு ஆங்கிலத்தில் மனு வரையவும் அவருக்குத் தெரிந்திருந்தது. மணியகாரரும் உடையாரும் விதானையாரும் எழுதியதே ஊரின் எழுத்தாக இருந்த காலத்தில், அவர்களிடம் கைகட்டி நில்லாது கடிதம் எழுதக்கூடிய ஒருவர் ஊரில் இருந்தது சிறிய மாற்றமன்று. குறித்த நேரத்திற் கூட்டம் தொடங்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஊராரின் எரிச்சலைத் தேடிக்கொண்டவரும் அவரே. வாசிகசாலைகள் பலவற்றின் பின்னே இத்தகையவர்கள் இருந்தனர். மாலை வேளையில் வாங்கில் அமர்ந்து ஒருவர் 'ஈழகேசரி'யை உரத்து வாசிக்க, எழுத்தறியாதோரும் உலக நடப்பைக் கேட்டறிந்தனர்.

இப்பணிகளை ஒரே தன்மையனவாகக் கொள்ளுதல் பிழை. ஒரு வகை, கொடை. கோயிலுக்கு மணிக்கோபுரம், பள்ளிக்கு ஒரு மண்டபம், தெருவோரத்தில் ஒரு மடம். சுவரிலே கொடுத்தவரின் பெயர் பொறித்த சலவைக்கல். இதனால் ஊருக்கு நன்மை விளையாமலில்லை. ஆனால் கொடுத்தவரே தலைவர், அவர் உள்ளளவும் தலைவர், அவருக்குப்பின் மருமகன் தலைவர் என்ற முறையும் கூடவே வளர்ந்தது. பள்ளி முகாமையாளராக அமர்ந்த பென்சனியர் சிலரிடம் ஆசிரியர் பட்ட பாட்டை முதிய ஆசிரியர்கள் கதைகதையாகச் சொல்லுவர். துரையிடம் தாம் கற்ற அதிகாரத்தையே அவர்கள் தமக்குக் கீழ்ப்பட்டோர்மீது பிரயோகித்தனர்.

மற்றையது, சங்கம். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. பத்துப் பரப்புக் காணியுடையவருக்கும் ஒரு பரப்புக் காணியுடையவருக்கும் அங்கே ஒரே வாக்கு. ஒருவர் கடனை அடைக்கத் தவறின் எல்லோரும் அதற்குப் பொறுப்பு. கணக்குப் பரிசோதகர் வந்து பேரேட்டைத் திறந்துவைத்துக் கேள்வி கேட்பார். தனாதிகாரி எத்துணைப் பெரிய மனிதராயினும் விடை கூறவேண்டும். அடைவுகாரனிடமும் வட்டிக்காரனிடமும் காணியை இழந்துகொண்டிருந்த புகையிலைத் தோட்டக்காரனுக்கு இச்சங்கம் ஒரு மூச்சு விடுமிடமாயிற்று. வடக்கிலே இவ்வியக்கத்தை வளர்த்தோருள் முதன்மையானவர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வீ. வீரசிங்கம், 1952 இல் வட்டுக்கோட்டையிலிருந்து சுயேச்சையாகப் பாராளுமன்றம் சென்றவரும் அவரே. யாழ் நகரத்தின் வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சங்க முறையின் சிறந்த விளைவுகளுள் ஒன்றை மூளாயிலே காணலாம். 1930 களின் நடுப்பகுதியில் அங்கே கூட்டுறவு வைத்தியசாலை உருவாயிற்று. இலங்கையில் அம்முறையில் அமைந்த முதலாவது வைத்தியசாலை அது. மலாயாவிலிருந்து மீண்ட பென்சனியரின் பங்கு இதிற் பெரிது. அங்குப் புகையிரதப் பகுதியிலும் ஏனைய பகுதிகளிலும் கடமையாற்றியபோது ஒழுங்கான வைத்திய வசதியை அனுபவித்தவர்கள், ஊருக்குத் திரும்பியதும் அவ்வசதி இன்மையை உணர்ந்தனர். ஒரு தனவந்தர் கட்டி நோயாளருக்குத் தருமம் செய்யும் ஆசுப்பத்திரியாக அதை அமைக்காது, பங்குப் பணம் செலுத்திய அங்கத்தவர்களின் உடைமையாக அமைத்தார்கள். அதன் நோயாளி இரந்து நிற்பவனல்லன்; கூட்டத்தில் எழுந்து மருந்துக் கணக்கைக் கேட்கும் உரிமையுள்ளவன். கோபுரம் கட்டியவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. வைத்தியசாலை அமைத்தவர்களின் பெயர் அங்கத்துவப் பதிவேட்டில், ஏனையோர் பெயர்களுக்கு நடுவே ஒரு வரியாக இருந்தது. என் மதிப்பில் இரண்டாவதே பெரிய காரியம்.

இனி, 'ஊர்' யார்? நாணய சங்கத்தில் ஒருவரையொருவர் நன்கறிந்தோரே சேரவேண்டும் என்ற விதி, குறிச்சிகள் சாதிவாரியாகப் பிரிந்துகிடந்த இடத்தில், அப்பிரிவைக் கடக்க உதவவில்லை. வாசிகசாலை வாங்கில் எல்லோரும் அமரவில்லை. ஊர்க் கிணற்றில் எல்லோரும் அள்ளவில்லை. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றி வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கத்தின் இளைஞர்கள் சாதிக் கொடுமையை எதிர்த்துப் பேசினர். சமபந்தி போசனம் நடத்தினர். 1930 அளவில், உதவி நன்கொடை பெறும் பள்ளிகளிற் சகல மாணவரும் சமமாக அமர வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, கொட்டில் பள்ளிகள் சில தீக்கிரையாயின. அப்போது எதிர்ப்பு மனுக்களும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. ஊருக்குத் தபாற்கந்தோர் வேண்டும் என்று மனு வரையும் திறமை, ஒடுக்கப்பட்டவன் பிள்ளை தன் பிள்ளைக்கு அருகில் அமரலாகாது என்று வரைவதற்கும் பயன்பட்டது.

1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், கோயில் முதலிய பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. பத்தாண்டு கழிந்தும் பெருங்கோயில்கள் பலவற்றின் கதவு திறக்கவில்லை. 1968 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தினர் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அமர்ந்தனர். அவர்களைத் தடுத்து எதிரே நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். சுதந்திர இலங்கையின் முதலாவது மந்திரிசபையில் வர்த்தக மந்திரி. அவ்வேளை அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. தம் கோயிலையும் தம் மரபையும் காக்கும் ஊர்த்தொண்டு என்றே அவர் அதைக் கருதியிருப்பார். முதுமையில் ஊதியம் கருதாது, வெயிலில் நின்று, வழக்கையும் ஏற்றார். வெறும் தன்னலமின்மையை அளவுகோலாகக் கொண்டு பொதுப்பணியை மதிப்பிடுவோர் இவரை எங்கே வைப்பர்?

சுதந்திரத்தின்பின் நிலைமை வேறாயிற்று. 1945 முதல் வந்த இலவசக் கல்வி, ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்தும் ஆசிரியரை உருவாக்கியது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடைப் பள்ளிகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. முகாமையாளர் ஆட்சி முடிந்தது. அந்த ஆசிரியர்கள் பென்சன் பெறும் வயதை அடைந்தபோது, இளைப்பாறியவர் என்ற சொல் முதன்முறையாக வேறு குறிச்சிகளிலும் வழங்கலாயிற்று. மலாயாப் பென்சனியர் தலைமுறை அதற்குள் மறைந்துவிட்டது. பின்னர் யுத்தம். 1995 அக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அகதி முகாம்களான பாடசாலைகளில் நிவாரணப் பதிவேடு எழுதியோருள்ளும், மரநிழலிற் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொல்லியோருள்ளும் இளைப்பாறியோர் இருந்தனர். அவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இன்று ஊர்தோறும் இவர்களைக் காணக்கூடிய இடம் மத்தியஸ்த சபை. 1958 ஆம் ஆண்டின் இணக்கச் சபைகள் 1970 களின் இறுதியில் மறைந்தபின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் அதனை வேறு வடிவில் மீட்டது. எல்லைச் சண்டை, கொடுக்கல் வாங்கல், சிறு அடிதடி ஆகியவற்றை மூவர் கொண்ட குழு விசாரிக்கிறது. சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை. தீர்ப்பளிக்கும் அதிகாரமும் குழுவுக்கில்லை. இருவரும் இணங்கினாலன்றி எதுவும் முடிவாகாது. மத்தியஸ்தருக்குச் சம்பளம் இல்லை. வார விடுமுறையில், பாடசாலை வகுப்பறை வாங்குகளில் அமர்ந்து இப்பணி செய்வோருட் கணிசமானோர் இளைப்பாறிய அதிபர்களும் ஆசிரியர்களும் கிராம சேவையாளர்களும். கட்டளையிட்டுப் பழகிய அதிபர் ஒருவர் கேட்டிருக்கப் பழகுவது எளிதன்று, பழகியவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் முதலாவது வினா இன்னும் அப்படியே இருக்கிறது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களுள் 12.4 சதவீதத்தினர், ஏறக்குறைய 25 இலட்சம் பேர், அறுபது வயதை எட்டியவர்கள். அரசாங்க ஓய்வூதியம் பெறுவோர் தொகை அதனினும் மிகக் குறைவு. 1987 இல் கமக்காரருக்கும் 1990 இல் மீனவருக்கும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. கமக்காரர் திட்டத்தில் 2012 இற் கொடுப்பனவே நின்று, இரண்டாண்டு கழித்தே மீண்டும் தொடங்கியது. பெருந்தோட்டத் தொழிலாளிக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊழியர் சேமலாப நிதி உண்டு. அது ஒருமுறை கையில் வரும் பணம். மகளின் கலியாணத்தோடோ லயத்தின் கூரைத் தகரத்தோடோ முடிந்துவிடுகிறது.

மலாயாப் பென்சனியர் வாசிகசாலைக்குப் புறப்படுமுன் அவருக்குக் கோப்பி கொடுத்த மனைவி எந்த வயதில் இளைப்பாறினார் என்று எவரும் கேட்டதில்லை. மலையகத்திலே நாற்பது ஆண்டு கொழுந்து பறித்துப் பெயர் வெட்டப்பட்ட கிழவி, மறுநாட் காலையில் மகளின் கைக்குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். மகள் மலைக்குப் போகிறாள். அடுத்த காம்பிராக்காரியும் தன் பிள்ளையைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுச் செல்கிறாள்.