ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து வந்த உருளைக்கிழங்கு

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். அன்றைக்கு அமெரிக்க வீடுகளில் ஓவனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆறேழு கிலோ வான்கோழி காலையில் உள்ளே போனால், அதற்கப்புறம் நாலு மணி நேரம் வேறெந்தத் தட்டும் உள்ளே நுழைய முடியாது. பூசணிப் பை ஒரு பக்கம் காத்திருக்கும், பன் ரொட்டி ஒரு பக்கம் காத்திருக்கும். இத்தனை தள்ளுமுள்ளுக்கும் நடுவில், சமையல் மேடையின் ஓரத்தில், சுவரில் பிளக்கைச் செருகிவிட்ட நீள்வட்டப் பானை ஒன்று சத்தமே இல்லாமல் உருளைக்கிழங்கை வேகவைத்துக்கொண்டிருக்கும். வெண்ணெயும் செடார் சீஸும் சேர்ந்து குழைந்த அந்தத் தொடுகறி இல்லாமல் பல குடும்பங்களில் பண்டிகைப் பந்தி நிறைவதில்லை.

ஓவன் கிடைக்காத நாளுக்காக வந்த பண்டம் இது. அது வேகும் பானை பிறந்ததும், அடுப்பு மூட்ட முடியாத ஒரு நாளுக்காகத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வில்னா. இன்றைக்கு லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸ். அப்போது ருஷ்யப் பேரரசுக்குள் இருந்த ஊர், யூதர்கள் நெருங்கி வாழ்ந்த ஊர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சபாத் தொடங்கிவிடும். சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை நெருப்பு மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. ஆனால் சபாத் என்பது விரத நாள் அல்ல. குடும்பமாக உட்கார்ந்து வயிறார, அதுவும் சூடாகச் சாப்பிட வேண்டிய நாள். நெருப்பைத் தொடாமல் சூடான சாப்பாடு எப்படி வரும்?

அந்த ஊர்ப் பெண்கள் வழி கண்டு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பகலிலேயே பானையில் பீன்ஸ், பார்லி, வெங்காயம், உருளைக்கிழங்கு, கிடைத்தால் கொழுப்போடு ஒரு துண்டு மாட்டிறைச்சி, எல்லாம் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடுவார்கள். ஆவி போகாமல் இருக்க மூடியின் விளிம்பைச் சுற்றி மாவைப் பிசைந்து அப்புவதும் உண்டு. பிறகு பானை தெருவில் இருக்கும் ரொட்டிக்கடைக்குப் போகும். அங்கே சபாத்துக்கு முன்பே ரொட்டி சுட்டு முடித்து நெருப்பைத் தணியவிட்டிருப்பார்கள். ஆனால் நாள் முழுக்க எரிந்த செங்கல் அடுப்பு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அந்த மிச்சச் சூட்டிலேயே இரவு முழுக்கப் பானைகள் இருக்கும். மறுநாள் தொழுகை முடிந்து வருகிற வழியில் அவரவர் பானையை அவரவர் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். திறந்தால் பீன்ஸ் கரைந்து, உருளைக்கிழங்கு பழுப்பேறி, இறைச்சியின் சாறெல்லாம் குடித்து உட்கார்ந்திருக்கும். இதற்குப் பெயர் சோலண்ட்.

அப்படி வெள்ளிக்கிழமைதோறும் அம்மா கொடுத்த பானையை ரொட்டிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போன சிறுமிகளில் ஒருத்தி தமாரா கஸ்லோவ்ஸ்கி. பின்னாளில் அமெரிக்கா வந்து சேர்ந்தார். அவர் மகன் இர்விங் நாகும்சோன் 1902இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் பிறந்தவர். சிகாகோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கினார். புதிது புதிதாக ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்த மனிதர். அம்மா சொன்ன சோலண்ட் கதை அவர் மனசில் தங்கிவிட்டது. ஆறிக்கொண்டிருக்கும் செங்கல் அடுப்பு செய்கிற வேலையை மின்சாரம் செய்தால் என்ன?

1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. யோசனை மிக எளியது. உள்ளே ஒரு பாத்திரம், வெளியே ஓர் உறை, அந்த உறைக்குள் சுற்றிலும் சூடேற்றும் கம்பி. சாதாரண அடுப்பில் சூடு அடியிலிருந்து வரும், அதனால் அடிப்பிடிக்கும். இங்கே சூடு பக்கவாட்டிலிருந்து சுற்றி வளைத்து, மெல்ல, ஒரே சீராக வருகிறது. வில்னாவின் செங்கல் அடுப்பு பானையை எப்படி அணைத்துக்கொண்டதோ அப்படியே. 1945இல் அவர் தன் குடும்பப் பெயரை நாக்ஸன் என்று சுருக்கிக்கொண்டார். கருவியும் ‘நாக்ஸன் பீனரி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, பீன்ஸ் வேகவைக்கிற பானையாக.

காப்புரிமைப் பத்திரத்தில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கிறது. பானை சுமந்த சிறுமியின் பெயரும், அந்தச் சிறுமியின் கையில் பானையைக் கொடுத்த தாயின் பெயரும் அதில் இல்லை. எனக்கு இந்தக் கதையில் அவர்கள்தான் முதலில் வருகிறார்கள். மிச்சச் சூட்டின் அருமையை முதலில் அறிந்தவர்கள் அவர்கள்.

1970இல் நாக்ஸன் தன் தொழிலைக் கன்சாஸ் சிட்டியின் ரைவல் நிறுவனத்துக்கு விற்றார். வாங்கியவற்றில் இந்தப் பானையும் ஒன்று, அவ்வளவுதான். அதில் பீன்ஸ் மட்டுமா வேகும் என்று ரைவலின் சோதனைச் சமையலறையில் பார்த்தார்கள். இறைச்சி, சூப், காய்கறி எல்லாமே வெந்தன. 1971இல் சிகாகோ வீட்டுச் சாமான் கண்காட்சியில் ‘கிராக்-பாட்’ என்ற புதுப் பெயரோடு வைத்தார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிய காலம் அது. காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் சாப்பாடு தயார். 1971இல் 20 லட்சம் டாலராக இருந்த விற்பனை 1975இல் 9 கோடியே 30 லட்சம் டாலரைத் தொட்டது. நடுவில் 1974இல், உள்ளே இருக்கும் பீங்கான் பாத்திரத்தைத் தனியாகக் கழற்றும்படி செய்தார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் கழுவ எளிதானது. அப்படியே மேசையில் கொண்டுபோய் வைக்கவும் முடிந்தது. பண்டிகைப் பந்திக்கு அந்தப் பானை வந்த வாசல் இதுதான் என்பேன்.

உருளைக்கிழங்குக்கு இன்னொரு பூர்வீகமும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மார்மன் என்னும் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த குடும்பங்களில் ஒரு சாவு விழுந்தால், சபையின் மகளிர் அமைப்பான ரிலீஃப் சொசைட்டிப் பெண்கள் துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவார்கள். அதில் தட்டாமல் இடம்பெறுவது, துருவிய உருளைக்கிழங்கோடு டின்னில் வரும் கெட்டி சூப், சவர் கிரீம், சீஸ் கலந்து, மேலே நொறுக்கிய கார்ன்ஃபிளேக்ஸ் தூவி ஓவனில் சுட்ட பதார்த்தம். ‘ஃபியூனரல் பொட்டேட்டோஸ்’ என்றே அதற்குப் பெயர். சாவு வீட்டு உருளைக்கிழங்கு. கேம்ப்பெல் நிறுவனம் காளான் கிரீம் சூப்பை 1934இல் டின்னில் அடைத்துக் கொடுத்ததும், 1950களிலிருந்து துருவிய உருளைக்கிழங்கு உறைபதனப் பொட்டலமாகக் கடைக்கு வந்ததும் சேர்ந்து இதைச் சுலபமாக்கின. 2002இல் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தபோது, இந்த உருளைக்கிழங்கின் படம் போட்ட சட்டை ஊசி விற்றது. ஒரு நாட்டுப்புறத் தொடுகறிக்கு இது பெரிய மரியாதை. துக்க வீட்டுப் பண்டம் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வந்தபோது ‘சீஸ் உருளைக்கிழங்கு’, ‘பார்ட்டி உருளைக்கிழங்கு’ என்று பெயர் மாறியது. ஓவனில் இடமில்லாத பண்டிகை நாட்களில் கிராக்-பாட்டுக்குள்ளும் இறங்கியது.

இறங்கியதும் சில விஷயங்களைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நான் முதன்முறை செய்தபோது பச்சை உருளைக்கிழங்கு வில்லைகளோடு சவர் கிரீமையும் ஆரம்பத்திலேயே கொட்டிவிட்டேன். ஐந்து மணி நேரம் கழித்துத் திறந்தால் கிரீம் திரிந்து தண்ணீராகப் பிரிந்திருந்தது. கிழங்கின் நடுப்பகுதி நறுக்கென்று இருந்தது. கிழங்கு வேகாததற்குக் காரணம் புளிப்பு. கிழங்கில் உள்ள மாவுச்சத்து 65 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும். ஆனால் செல்லோடு செல்லை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைவதற்குக் கொதிநிலையை நெருங்கிய சூடு வேண்டும். புளிப்பு சேர்ந்தால் அது இன்னும் பிடிவாதம் பிடிக்கும்.

அதனால் இப்போது செய்வது இப்படி. ஒன்றரைக் கிலோ மஞ்சள் சதைக் கிழங்கு. மாவுக் கிழங்கு கரைந்துவிடும். அரை சென்டிமீட்டர் கனத்தில் ஒரே அளவாக வில்லை போட வேண்டும். பாத்திரத்தின் அடியிலும் ஓரங்களிலும் வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, கிழங்கு, வெங்காயம், உப்பு, மிளகு என்று அடுக்கடுக்காக வைத்து, ஒரு கப் கோழிச் சாறோ காய்கறிச் சாறோ ஊற்றி, அதிகச் சூட்டில் நாலரை மணி நேரம். நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. ஒருமுறை திறந்தால் இழந்த சூடு திரும்பவே இருபது நிமிஷம் ஆகும். கத்தி முனை தடையில்லாமல் இறங்கிய பிறகுதான், சூட்டைக் குறைத்து, 200 கிராம் துருவிய செடாரும் ஒரு கப் சவர் கிரீமும். கரண்டியால் கிண்டாமல் பாத்திரத்தின் ஓரத்திலிருந்து மெல்லப் புரட்டிவிட வேண்டும். மூடிக்கு அடியில் ஒரு சுத்தமான துணியை விரித்து, துணி முனைகளை மேலே மடித்துவிட்டால், மூடியில் கோக்கும் நீர் சீஸ் மேல் சொட்டாது. கார்ன்ஃபிளேக்ஸை இந்தப் பானைக்குள் முன்கூட்டியே போட்டால் நமுத்துவிடும். வாணலியில் வெண்ணெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்து, பரிமாறும்போது தூவினால் கடைசிவரை மொறுமொறுப்பு நிற்கும்.

போன கிறிஸ்துமஸுக்கு இதை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனோம். நாற்பது நிமிஷப் பயணம், வெளியே பனி. பிளக்கைப் பிடுங்கி, மூடியை ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டி, பெரிய குளியல் துண்டு இரண்டைச் சுற்றினோம். பின்சீட்டில் பத்து வயது மகள் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வளைவு வரும்போதெல்லாம் “மெதுவாப்பா, மெதுவா” என்றாள். அக்கா வீட்டு வாசலில் துண்டைப் பிரித்தபோது பாத்திரம் இன்னும் சுட்டது.