மூலைக்குப் போகாத ஆயுதம்

ஒரு பித்தளைத் தகட்டில் சதுரமாக ஒரு துளை போட வேண்டும். அவ்வளவுதான் காரியம். எங்கள் வீட்டு அறைக் கதவின் கைப்பிடிக்குச் சதுரத் தண்டு. அது நுழைகிற துளையும் சதுரமாக இருந்தால்தான் பிடி திரும்பும். நாவலில் ஒரு சாம்ராஜ்யத்தையே நாலு அத்தியாயத்தில் கவிழ்த்தவனுக்கு இதுவா பிரமாதம் என்று எண்ணிக்கொண்டு, பின்கட்டில் தகட்டை வைஸில் இறுக்கினேன். டிரில் ஒரு நொடியில் துளைத்துவிட்டது, வட்டமாக! பிறகு தட்டை அரத்தை எடுத்து இரண்டு நாள் மாலை முழுவதும் ராவினேன். பக்கங்கள் நேராயின. மூலைகள் மட்டும் மழுங்கலாகவே நின்றன.

வேறு வேலையாக வந்திருந்த ஃபிட்டர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "சுத்தற ஆயுதம் மூலைக்குப் போகாது, ஸார். முப்பட்டை அரம் எடுத்துப் பொறுமையா ராவுங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. சுழலும் கருவி எதுவானாலும் தன் வட்டத்தை மூலையில் விட்டுவிட்டுத்தான் வரும். இயந்திரங்கள் பெருகிய பிறகும், உட்புற மூலை என்று வந்துவிட்டால் மனிதன் பெரும்பாலும் அரத்தையும் உளியையுமே நாட வேண்டியிருந்தது.

சுழன்றுகொண்டே சதுரம் வெட்ட முயன்றவர்களும் உண்டு. ஃப்ரான்ஸ் ரூலோ (1829–1905) என்ற ஜெர்மானியப் பேராசிரியர், பக்கங்கள் வளைந்த ஒரு முக்கோணத்தை ஆராய்ந்தார். எப்படிப் புரட்டினாலும் அதன் அகலம் மாறாது. ஒரு சதுரத்துக்குள் நான்கு பக்கங்களையும் தொட்டபடியே சுழலும். அந்த உருவத்தை வைத்து ஹாரி வாட்ஸ் என்பவர் சதுரத் துளை போடும் டிரில் ஒன்றைச் செய்து, 1917-ல் அமெரிக்காவில் பேடண்டு பெற்றார். அந்த முக்கோணம் சதுரத்தின் பரப்பில் 100-க்கு 98 பங்குக்கு மேல் துழாவிவிடும். மிச்சம் எங்கே என்கிறீர்களா? மூலையில்தான்!

அந்த மூலைக்கு வேறொரு வழி திறந்தது, யுத்தத்தின் நடுவில். 1943-ல் மாஸ்கோவில் போரிஸ் லாசரெங்கோ, நதாலியா லாசரெங்கோ என்ற விஞ்ஞானத் தம்பதி ஒரு தொல்லையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் டங்ஸ்டன் முனைகள், பொறி பறக்கப் பறக்க அரித்துப் போயின. அதைத் தடுக்க வேண்டும் என்பதே அவர்களுடைய வேலை. முனைகளை எண்ணெயில் அமிழ்த்திப் பார்த்தார்கள். அரிப்பு நிற்கவில்லை, ஆனால் பொறி, காற்றில் இருந்ததைவிட ஒழுங்காக விழுந்தது.

வேறு யாராவது இருந்தால், "முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். இவர்களோ கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். பொறி உலோகத்தை அரிக்கிறதென்றால், நாம் விரும்புகிற இடத்தில், விரும்புகிற அளவில் அரிக்கச் செய்தால் என்ன?

அதுவே மின்பொறியால் உலோகம் வெட்டும் முறையாயிற்று. செம்பில் ஒரு சதுரக் கட்டை. அதன் எதிரே எஃகு. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே மண்ணெண்ணெய் போன்ற ஒரு திரவமும் மயிரிழை இடைவெளியும். ஒவ்வொரு பொறியும் எஃகில் ஒரு துணுக்கை உருக்கி எடுக்கிறது. கட்டை சுழல வேண்டியதில்லை. ஆகவே சதுரக் கட்டைக்குச் சதுரப் பள்ளம். மெத்தென்ற செம்பு, பதம் ஏற்றிய எஃகைக் குடைகிறது! அரத்துக்கு மசியாத எஃகிலும் மூலை பிறந்தது.

பிற்பாடு மெல்லிய கம்பியை ஓடவிட்டு, வாளால் அறுப்பதுபோல் பொறியால் அறுக்கும் இயந்திரங்களும் வந்தன. சாதாரணமாகக் கம்பியின் குறுக்களவு கால் மில்லிமீட்டர். அந்தக் கம்பியும் வட்டம்தானே? மூலையில் தன் வளைவைக் கொஞ்சம் விட்டே செல்கிறது. செம்புக் கட்டையிலும், பொறி தாக்கித் தாக்கி முதலில் தேய்வது அதன் மூலைதான். முற்றிலும் கூரான மூலையை இன்னும் யாரும் வெட்டிவிடவில்லை. தேவைக்குப் போதுமான மூலையைத்தான் வெட்டுகிறோம்.

நானும் முப்பட்டை அரத்தால் மூன்றாம் நாள் என் துளையை முடித்தேன். உற்றுப் பார்த்தால் ஒரு மூலை இன்னும் சற்று மழுங்கல். கைப்பிடி திரும்புகிறது, கதவும் திறக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும், ஒப்படைத்த வேலையில் தோற்று அதைவிடப் பெரிய ஒன்றில் ஜெயித்த அந்தத் தம்பதியை நினைத்துக்கொள்கிறேன்.